ரஞ்சிக் கிண்ணமும் தமிழ்நாட்டு அணியும்

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், காவிரிக் கிளர்ச்சியின் காரணமாக, சென்னையில் நடைபெறவிருந்த சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆட்டங்கள் நம் நிக்டிக்கு அணித்தேயுள்ள கஹுஞ்சே மைதானத்திற்கு மாற்றப்பெற்றன. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து ஒரு தனி இரயிலே புனே வந்து சேர்ந்தது. ஏப்ரல் 20-ஆம் நாள் ராஜஸ்தான் அணியைச் சென்னை 64 ரன்கள் வித்தியாசத்தில் வென்றது. அவ்வாண்டின் கிண்ணத்தையும் வென்றது. நம் காலனிக் குழந்தைகள் மஞ்சள் சட்டையணிந்து தெருவெங்கும் திரிந்த அந்நாட்களை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அக்களிப்பினூடே மராத்தி நண்பர்கள் புன்னகையோடு கேட்ட வினா ஒன்றும் உண்டு. “எல்லாம் சரி அண்ணா, அது விலைக்கு வாங்கிச் சேர்த்த அணி. உங்கள் மாநில அணி ரஞ்சிக் கிண்ணத்தை எப்போது வெல்லும்?” இவ்வினாவுக்கு நாம் வழக்கமாகக் கூறும் விடை ஒன்றுதான்: “நமக்கு ராசியில்லை.”

அவ்விடை சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு கூறுவது இது. ரஞ்சிக் கிண்ணப் போட்டி 1934-ஆம் ஆண்டு தொடங்கிற்று. அன்று முதல் 2014-15 பருவம் வரை நம் மாநில அணி 12 முறை இறுதி ஆட்டத்தை எட்டியிருக்கிறது. அவற்றுள் வென்றது இரண்டு முறை, தோற்றது பத்து முறை. 2014-15-க்குப் பின் சில பருவங்களில் அரையிறுதியையும் காலிறுதியையும் எட்டி அங்கேயே நின்றுவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்னும் பழமொழி இவ்வணிக்கென்றே பிறந்தது போலும்!

தொடக்கம்

ரஞ்சிப் போட்டியின் முதல் ஆட்டமே சென்னையில்தான் நடந்தது என்பதை இளைஞர் பலர் அறியார். 1934 நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் மோதின. முதற் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். கிரிக்கெட், ஹாக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய பெருமையுடையவர் அவர். மைசூர் 48 ரன்களுக்கும் 59 ரன்களுக்கும் ஆட்டமிழந்தது. சென்னை எடுத்த 130 ரன்களே போதுமானவையாயின. ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. ஏ. ஜி. ராம்சிங் இரண்டு இன்னிங்ஸிலுமாக 35 ரன்களைக் கொடுத்து 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார்.

இந்த ராம்சிங் பஞ்சாப் மண்ணிலிருந்து வந்து சென்னையில் வேரூன்றிய சீக்கியக் குடும்பத்தவர். வேற்று மண்ணில் வாழும் நாம் இதனை நெஞ்சில் நிறுத்த வேண்டும். இருபதாண்டுகளுக்குப் பின் சென்னைக்கு முதற் கிண்ணம் வந்தபோது அவ்வணியின் தூணாக விளங்கியவர் இவருடைய மகன் ஏ. ஜி. கிருபாள் சிங். இன்னும் ஒரு தலைமுறை கடந்து, 1988-89 பருவத்தில் கோவாவுக்கு எதிராக 302 ரன்கள் குவித்து ஆட்டமிழக்காமல் நின்றவர் பேரன் அர்ஜன் கிருபாள் சிங். மூன்று தலைமுறையாகத் தமிழ்நாட்டுக் கிரிக்கெட்டைத் தாங்கிய அக்குடும்பத்தை அயலார் என்று எவரும் எண்ணியதில்லை.

நன்கு நடத்தப்பெற்ற அணி

தமிழ்நாட்டு அணி குறையாக நடத்தப்பெற்ற அணி என்று அதன் பகைவரும் சொல்லார். சென்னையின் லீக் ஆட்டங்கள் பழமையும் ஒழுங்கும் உடையவை. பெரிய வணிக நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு வேலையளித்துத் தம் அணிகளில் ஆடச்செய்த முறை, கிரிக்கெட்டை நம்பி ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பையன் வாழலாம் என்னும் துணிவைத் தந்தது. 1987-இல் சென்னையில் வேகப்பந்து வீச்சுக்கென்றே ஒரு பயிற்சிக்கூடம் தோன்றி, ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அங்கே பயிற்றுவித்தார். பிற்காலத்தில் ஆட்டம் மாவட்டங்களுக்கும் பரவியது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் இந்திய அணி வரை சென்றதை நாம் கண்ணாரக் கண்டோம்.

விளைவும் கண்கூடு. வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த், டபிள்யூ. வி. ராமன், முரளி விஜய், தினேஷ் கார்த்திக், வாஷிங்டன் சுந்தர் என்று இந்திய அணிக்கு ஆட்டக்காரர்கள் வந்துகொண்டேயிருந்தனர். 537 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்தி 2024-இல் ஓய்வுபெற்ற அஸ்வினும் இம்மண்ணின் விளைச்சலே. ஒருநாள் ஆட்டங்களுக்குரிய விஜய் ஹசாரே கிண்ணத்தைத் தமிழ்நாடு ஐந்து முறையும், இருபது ஓவர் ஆட்டங்களுக்குரிய சையத் முஷ்டாக் அலி கிண்ணத்தை மூன்று முறையும் கைக்கொண்டது. 2021 நவம்பரில் டெல்லியில் கர்நாடகத்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் கடைசிப் பந்தில் ஐந்து ரன்கள் தேவைப்பட்டபோது, ஷாருக் கான் ஆறு ரன்கள் அடித்து வென்று தந்தார். ஆகவே, ‘தமிழர் இறுதி நேரத்தில் நடுங்குவர்’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

பின்னர், ஐந்து நாள் ஆட்டமாகிய ரஞ்சி இறுதியில் மட்டும் நேர்வது யாது?

இரு வெற்றிகள்

முதலில் வெற்றிகளைக் கூறுவோம். 1954-55 பருவத்தில் பாலு அழகணன் தலைமையில் சென்று, இந்தூரில் ஹோல்கர் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 46 ரன்கள் வித்தியாசத்தில் சென்னை வென்றது. ஹோல்கர் அக்காலத்தில் நான்கு முறை கிண்ணம் வென்றிருந்த பேரணி.

அடுத்த வெற்றிக்கு 33 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1987-88 பருவத்தில் எஸ். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு 709 ரன்கள் குவித்து, இரயில்வே அணியை ஓர் இன்னிங்ஸும் 144 ரன்களும் வித்தியாசத்தில் வீழ்த்தியது. தோற்றவர்கள் நாம் ஊழியம் பார்க்கும் துறையினர் ஆதலால் நமக்கு அவ்வெற்றியில் ஒரு கண்ணில் ஆனந்தமும் மறு கண்ணில் நீரும் உண்டு. அவ்வணியில் ஆடிய ராபின் சிங் டிரினிடாட் தீவில் பிறந்து, கடல் கடந்து சென்னைக்கு வந்து தங்கியவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

பத்துத் தோல்விகள்

தோல்விகளை வரிசைப்படுத்துவோம். 1935-36-இல் டெல்லியில் பம்பாய் அணியிடம் 190 ரன்கள் வித்தியாசத்தில் தோல்வி. 1940-41-இல் சேப்பாக்கத்தில் மகாராஷ்டிர அணியிடம் 6 விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. 1967-68-இல் பம்பாயிலும், 1972-73-இல் சேப்பாக்கத்திலும் மீண்டும் பம்பாயிடம் தோல்வி. 1991-92-இல் டெல்லியிடமும், 1995-96-இல் கர்நாடகத்திடமும் தோல்வி. 2002-03, 2003-04 ஆகிய இரு பருவங்களிலும் அடுத்தடுத்து மும்பையிடம் தோல்வி. 2011-12-இல் ராஜஸ்தானிடமும், 2014-15-இல் மீண்டும் கர்நாடகத்திடமும் தோல்வி.

இவற்றுள் 1940-41 ஆட்டம் நம் புனே வாழ் மக்களுக்குத் தனிச்சுவை உடையது. அன்று மகாராஷ்டிர அணியை நடத்தி வந்தவர் டி. பி. தேவதர். புனேக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக இருந்தவர். ஐம்பதை எட்டும் வயதிலும் மட்டை பிடித்தவர். முந்தைய பருவத்தில் கிண்ணம் வென்ற மகாராஷ்டிரம் சேப்பாக்கத்திற்கே வந்து, நம்மை வென்று, அதனைத் தக்கவைத்துக்கொண்டு சென்றது. அதன்பின் மகாராஷ்டிரம் 1970-71, 1992-93, 2013-14 ஆகிய மூன்று பருவங்களில் இறுதியை எட்டி மூன்றிலும் தோற்றது. அதன் வெற்றிகளும் இரண்டே. நம்மைக் கேலி செய்யும் மராத்தி நண்பரிடம் இதனை மெல்ல எடுத்துரைக்கலாம். இரயில்வே அணி வென்றதும் 2001-02, 2004-05 என இரண்டு முறையே. ஆக, பிறந்த மண், வாழும் மண், சோறிடும் துறை ஆகிய மூன்றுக்கும் கிண்ணங்கள் இரண்டிரண்டு. ஆயினும் அதற்காக மகாராஷ்டிரம் இறுதியை எட்டியது ஐந்து முறை, இரயில்வே நான்கு முறை, தமிழ்நாடோ பன்னிரண்டு முறை.

1972-73 ஆட்டத்தை மூத்த ரசிகர்கள் எளிதில் மறவார். சேப்பாக்கத்து ஆடுகளம் சுழற்பந்துக்குப் பெரிதும் இடங்கொடுத்தது. நம்மிடம் வெங்கட்ராகவனும் வி. வி. குமாரும் இருந்தனர். பம்பாயை 151 ரன்களுக்கும் 113 ரன்களுக்கும் சுருட்டினர். வேறெந்த ஆண்டிலும் அது வெற்றிக்குப் போதுமானதே. ஆனால் பம்பாயிடம் பத்மாகர் சிவால்கர் இருந்தார். அவர் 16 ரன்களுக்கு 8 விக்கெட்டுகளும், பின்னர் 18 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளும் வீழ்த்தினார். தமிழ்நாடு 80 ரன்களுக்கும் 61 ரன்களுக்கும் ஆட்டமிழந்தது. மூன்றாம் நாளின் முதற் பந்தோடு ஆட்டம் முடிந்தது. இத்துணைத் திறமை வாய்ந்த சிவால்கர் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆட்டமும் ஆடியதில்லை என்பது, பம்பாயின் இரண்டாம் வரிசை எத்தன்மையது என்பதைக் காட்டும்.

2011-12 ஆட்டம் வேறு வகையது. சேப்பாக்கத்தில் முதலில் ஆடிய ராஜஸ்தான் 621 ரன்கள் எடுத்தது. வினீத் சக்சேனா ஏறக்குறைய 15 மணி நேரம் நின்று 257 ரன்கள் எடுத்தார். தமிழ்நாடு 295 ரன்களில் முடிந்தது. ரஞ்சி விதிப்படி, இறுதி ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தால் முதல் இன்னிங்ஸில் முந்திய அணிக்கே கிண்ணம். எனவே எஞ்சிய நேரத்தில் ஆடியது வெறுஞ்சடங்கே. ராஜஸ்தானின் தலைவர் ரிஷிகேஷ் கனித்கர் நம் புனேயில் பிறந்து, மகாராஷ்டிரத்துக்காக நெடுங்காலம் ஆடியவர். வேற்று மாநிலம் சென்று அதற்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்.

2014-15-இல் நேர்ந்ததற்கு விதியையும் குறைகூற இயலாது. மும்பையில் தமிழ்நாடு முதல் இன்னிங்ஸில் 134 ரன்களுக்கு ஆட்டமிழந்தது. கர்நாடகம் 762 ரன்கள் குவித்தது. கருண் நாயர் ஒருவரே 328 ரன்கள் எடுத்தார். இரண்டாம் இன்னிங்ஸில் நம்மவர் போராடி 411 ரன்கள் எடுத்தும் ஓர் இன்னிங்ஸும் 217 ரன்களும் வித்தியாசத்தில் தோற்றனர்.

கணக்கு கூறுவது

இப்பத்துத் தோல்விகளையும் பேரேட்டில் பதிவது போல் பதிந்து பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பத்தில் ஐந்து மும்பையிடம். பத்தில் ஐந்து சேப்பாக்கத்தில், அதாவது நம் சொந்த மைதானத்தில். பத்தில் ஐந்து முதல் இன்னிங்ஸ் கணக்கில், அதாவது ஆட்டத்தில் தோற்காமலே கிண்ணத்தை இழந்தவை.

ராசி என்பது உண்மையா என்றும் கணக்கிடலாம். ஒரு நாணயத்தை 12 முறை சுண்டினால் உண்டாகக்கூடிய வரிசைகள் 4096. அவற்றுள் தலை இரண்டு முறையோ அதற்குக் குறைவாகவோ விழும் வரிசைகள் 79 மட்டுமே. அதாவது 52-க்கு ஒன்று. இதைக் கேட்டவுடன், “பார்த்தீர்களா, சனி பிடித்த அணி” என்பர் சிலர். பொறுமை வேண்டும். மும்பையோடு ஆடிய ஐந்து ஆட்டங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு எஞ்சிய ஏழைப் பார்ப்போம். ஏழு முறை சுண்டினால் வரிசைகள் 128. இரண்டோ அதற்குக் குறைவோ தலை விழுபவை 29. ஏறத்தாழ நான்கில் ஒன்று. நான்கில் ஒரு முறை நேரக்கூடியதைச் சனி என்று சொல்லலாகாது.

இனி எடுத்து வைத்த அந்த ஐந்து. 2023-24 பருவம் முடியக் கணக்கிட்டால், மும்பை 48 முறை இறுதியை எட்டி 42 முறை வென்றிருக்கிறது. 1958-59 முதல் 1972-73 வரை பதினைந்து ஆண்டுகள் இடைவிடாமல் வென்ற அணி அது. இறுதியில் அதனைச் சந்திப்பவர் எட்டில் ஒரு முறையே வெல்வர். அத்தகைய அணியை ஐந்து முறை சந்தித்து ஐந்திலும் தோற்பதற்குரிய வாய்ப்பு, ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. நமக்கு நேர்ந்தது அதிசயமன்று. மும்பையைச் சந்திக்கும் எவருக்கும் நேரக்கூடியதே.

அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்றொரு ஆட்டம் உண்டு. அங்கே அட்லாண்டா அணி 1991 முதல் 2005 வரை, வேலைநிறுத்தத்தால் குலைந்த 1994-ஐ நீக்கி, தொடர்ந்து 14 பருவங்களில் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அத்தனை ஆண்டுகளிலும் நாட்டின் பெரும்பட்டத்தை வென்றது 1995-இல் ஒரே முறை. ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகையில் நல்ல நிர்வாகம் தன் பயனைத் தவறாது தரும். ஐந்தாறு ஆட்டங்களில் யாவும் முடிந்துவிடும்போது, ஒரு நாளின் தவறு ஓராண்டின் உழைப்பை உண்டுவிடும். குடும்பத்தைச் செவ்வனே நடத்துவது வேறு, ஒரு நாள் விருந்தில் பெயரெடுப்பது வேறு அன்றோ?

ஆயினும் குறையுண்டு

இவ்வளவும் கூறியபின், குற்றம் நம்மிடம் இல்லவே இல்லை என்று முடித்தால் அது நேர்மையாகாது.

நம் சிறந்த ஆட்டக்காரர்கள் இந்திய அணிக்குச் சென்றுவிடுவதால்தான் தோற்கிறோம் என்று கூறுவோர் உளர். 1970-71-ஐ அவர்கள் நினைவுகூர வேண்டும். அப்போது பம்பாயின் வாடேகர், சர்தேசாய், கவாஸ்கர், சோல்கர், அசோக் மன்கட் ஆகியோர் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்தனர். எஞ்சியோரைச் சேர்த்துச் சுதிர் நாயக் தலைமையில் ஆடிய பம்பாய், இறுதியில் நம் மகாராஷ்டிரத்தை வென்றது. முதல் வரிசை ஊரில் இல்லாதபோதும் இரண்டாம் வரிசை கிண்ணத்தைக் கொணர்ந்தது. மழைக்காலத்து ஈரத் தரையில் காங்கா லீக் ஆடி, எந்தத் தரையிலும் விக்கெட்டைக் காக்கக் கற்ற பிள்ளைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு.

2024 மார்ச் திங்களில் மும்பையில் நடந்த அரையிறுதி இதனை மீண்டும் மெய்ப்பித்தது. டாஸ் வென்று முதலில் ஆடத் துணிந்த தமிழ்நாடு 146 ரன்களுக்கு ஆட்டமிழந்தது. ஆயினும் தலைவர் சாய் கிஷோர் தளராமல் பந்து வீச, மும்பை 7 விக்கெட்டுக்கு 106 ரன்கள் என்ற நிலைக்கு வந்தது. வெற்றி கண்முன் தெரிந்த நேரம் அது. அங்கிருந்து கடைசி மூன்று விக்கெட்டுகளுக்கு மும்பை 272 ரன்கள் சேர்த்தது. ஷர்துல் தாக்கூர் 109 ரன்களும், தனுஷ் கோட்டியான் ஆட்டமிழக்காமல் 89 ரன்களும் எடுத்தனர். தமிழ்நாடு ஓர் இன்னிங்ஸும் 70 ரன்களும் வித்தியாசத்தில் தோற்றது.

நம் குறை அங்கேதான் இருக்கிறது. ஏழு விக்கெட்டுகளை வீழ்த்துவது வரை நம் அணி எவருக்கும் இளைத்ததன்று. எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது விக்கெட்டுகளிலேதான் கிண்ணம் கைமாறுகிறது. எதிரியின் வாலை நறுக்கவும், நம் வாலை நீட்டவும் கற்க வேண்டும். இது பயிற்சியால் வரக்கூடியது. ராசி என்று பெயரிட்டு மூடிவைத்தால் ஒருநாளும் வாராது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

ராசி என்னும் சொல்லை நாம் வீட்டிலும் எளிதாக வழங்குகிறோம். ஓராண்டு முழுதும் செம்மையாகப் படித்த பிள்ளை இறுதித் தேர்வில் சில மதிப்பெண் குறைந்து, விரும்பிய கல்லூரியில் இடம் பெறாமற் போனால், “நம் குடும்பத்துக்கே ராசியில்லை” என்கிறோம். பிள்ளை அதனைக் கேட்டு வளர்கிறது. அச்சொல் ஆறுதல் போல் வந்து நம்பிக்கையை அரித்துவிடுகிறது. மாறாக, “நீ வாயில் வரை சென்றாய், அது உன் உழைப்பின் பயன். வாயிலில் எங்கே இடறினாய் என்று பார்ப்போம்” என்று கூறுவோமாயின், அப்பிள்ளை மறுமுறையும் வாயிலுக்குச் செல்லும். பத்து முறை தோற்றும் மீண்டும் செல்லும் அணி ஒன்று நமக்கு இருக்கிறது. அதனை நாம் வெட்கத்தோடு பேச வேண்டியதில்லை.

மற்றொன்று. நிக்டியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் எவரேனும் நாளை மகாராஷ்டிர அணியில் ஆடக்கூடும். அன்று அவ்வணி தமிழ்நாட்டை எதிர்த்து நிற்குமாயின், நாம் எப்பக்கம் கைதட்டுவது என்ற கேள்வி எழும். ராம்சிங் குடும்பத்தைச் சென்னை ஏற்றது. ராபின் சிங்கையும் ஏற்றது. புனேயின் கனித்கரை ராஜஸ்தான் ஏற்றது. எந்த மண்ணில் வாழ்கிறோமோ அம்மண்ணுக்கு உண்மையாக உழைப்பவனை அம்மண் தன் மகனாகக் கொள்ளும். நம் பிள்ளை சதமடித்தால் எழுந்து நின்று கைதட்டுவோம். ஆட்டத்தின் முடிவில் தமிழ்நாடு கிண்ணம் வென்றாலும் எழுந்து நின்று கைதட்டுவோம்.

அடுத்த முறை மராத்தி நண்பர், “எப்போது?” என்று கேட்டால், ராசியைக் காட்டித் தப்பாமல், “பன்னிரண்டு முறை வந்தோம், பதின்மூன்றாம் முறையும் வருவோம். நீங்களும் வாருங்கள், சேப்பாக்கத்தில் 1941-இன் பாக்கியைத் தீர்த்துக்கொள்வோம்” என்று விடையளிப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!